மலைப்பாதையில ஜீப் ஏன் குடை சாயுது? அடிக்கடி கேக்குற கேள்விகளும் எனக்குத் தெரிஞ்ச பதில்களும்

நான் போடி பக்கத்துக்காரன். வீட்டுல ஒரு பழைய மஹிந்திரா மேஜர் ஜீப், இப்ப ஒரு மஹிந்திரா தார் ஜீப்பும் இருக்கு. மேல ஏலத்தோட்டத்துக்குப் போய் வர்ற வேலை இருக்கறதால கல்லும் மண்ணுமா கிடக்குற பாதையிலதான் பாதி நாள் ஓடுது. வண்டி உருளுற வீடியோ ஏதாவது போன்ல சுத்த ஆரம்பிச்சா போதும், சொந்தக்காரங்க, கூடப் படிச்சவங்க, புதுசா தார், மாருதி ஜிம்னி மாதிரி வண்டி வாங்குன பசங்கன்னு எல்லாரும் ஒரே கேள்விய திருப்பித் திருப்பிக் கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு ஓஞ்சுட்டேன், அதான் மொத்தமா இங்க எழுதி வைக்கிறேன்.

வேகமா போனாத்தானே வண்டி கவுரும்? மெதுவா உருட்டிட்டுப் போனா என்ன ஆயிரப்போகுது?

நாலு வழிச்சாலையில நீங்க சொல்றது சரி. அங்க வேகமா போற வண்டி ரோட்ட விட்டு விலகி மண்ணுலயோ மீடியன்லயோ டயர் இடறித்தான் உருளும், அமெரிக்காவுல போக்குவரத்துப் பாதுகாப்பு பாக்குற என்ஹெச்டிஎஸ்ஏ கணக்குப்படி தனி வண்டி உருண்ட விபத்துல 95 சதவீதம் இப்படி எதுலயாவது இடறி உருண்டதுதான்.

மலைப்பாதை கதை வேற. இங்க மனுசன் நடக்குற வேகத்துல, சில சமயம் வண்டி நின்னுக்கிட்டே இருக்கும்போது கவுரும். வீடியோவ நல்லா உத்துப் பாருங்க, முக்காவாசி வண்டி உருளுறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் சும்மா நின்னிருக்கும். ஏத்தத்துல ஏற முடியாம நின்னிருக்கும், இல்லன்னா ஒரு சக்கரம் கிடங்குல இறங்கி நின்னிருக்கும். அதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதுக்கப்புறம் டிரைவர் "சரி பண்றேன்"னு ஒண்ணு செய்வாரு பாருங்க, அதுலதான் போகும். முதல் தப்புல வண்டி பெரும்பாலும் நிக்கத்தான் செய்யும், ரெண்டாவது தப்புதான் கவுக்கும். கீழ எழுதியிருக்கறதுல பாதி அந்த ரெண்டாவது தப்பப் பத்தித்தான்.

எத்தனை டிகிரி சாஞ்சா கவுரும்? ஏதாவது கணக்கு இருக்கா?

இருக்கு, எட்டாங்கிளாஸ் கணக்குதான். ரெண்டு பக்க சக்கரத்துக்கும் நடுவுல இருக்குற அகலத்துல பாதிய எடுத்துக்கோங்க, அத வண்டியோட எடை மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்துல இருக்கோ அதால வகுங்க. வர்ற எண்ணு பெருசா இருந்தா வண்டி நல்லா உக்காந்திருக்குன்னு அர்த்தம். சாதாரண காருக்கு 1.3ல இருந்து 1.5 வரைக்கும் வரும், உயரமான எஸ்யூவிக்கு 1.0ல இருந்து 1.3க்குள்ள வரும். 1ன்னா 45 டிகிரியில கவுரும். அப்பாடா 45 டிகிரி இருக்கேன்னு நினைச்சுராதீங்க, அது வண்டி கல்லு மாதிரி விறைப்பா, ஆடாம அசையாம நிக்கும்போது உள்ள கணக்கு.

நிஜத்துல எப்படி ஆகும்னா, தார்ல ரெண்டு பக்க சக்கரத்துக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். பாதை ஏற்கனவே பக்கவாட்டுல 20 டிகிரி சரிவு. பள்ளத்துப் பக்கத்து சக்கரம் ஒரு அடி ஆழ கிடங்குல இறங்குது, அது ஒண்ணே 11 டிகிரிய கூட்டிரும். அதே நேரம் மேட்டுப் பக்கத்து சக்கரம் முக்கா அடி கல்லு மேல ஏறுது, அதுக்கு ஒரு 8 டிகிரி. ஆச்சா, 39. இதுக்கு மேல பள்ளத்துப் பக்கத்து ஸ்பிரிங் அமுங்கும், டயர் நசுங்கும், பின்னாடி இருக்குற சாமானும் ஆளும் அந்தப் பக்கமா சாய்வாங்க. கணக்கு முடிஞ்சது.

இன்னொண்ணு, இதத்தான் எல்லாரும் விட்டுர்றாங்க. தார்ல முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 2450 மில்லிமீட்டர், அகலவாக்குல அதவிட கிட்டத்தட்ட ஒரு மீட்டர் கம்மி. அதாவது நேரா மேல பாத்து நிக்கும்போது ஜம்முனு நிக்கிற அதே சரிவுல, வண்டிய குறுக்கால திருப்புனா நிக்காது. சரிவு மாறல, வண்டி நிக்கிற வாக்குதான் மாறிருக்கு.

நீங்க கவுத்திருக்கீங்களா? உண்மையச் சொல்லுங்க.

ஒரு தடவ. மேஜர் ஜீப்ல. மழை விட்டு ரெண்டு நாள் இருக்கும், ஏலத்தோட்டத்துக்குள்ள ஒரு செம்மண் ஏத்தம், நீளம் ஐம்பது அறுபது மீட்டர் கூட இருக்காது. பின்னாடி ரெண்டு உர மூட்ட, பக்கத்துல என் சம்சாரத்தோட தம்பி, மடியில மத்தியான சாப்பாட்டுத் தூக்கு. ஃபோர் வீல் (நாலு சக்கரமும் இழுக்குறது) போட்டிருந்தேன் ஆனா லோ (மெதுவா, அதிக இழுவையோட போற கியர் வரிசை) போடல, சோம்பேறித்தனம், "எத்தன தடவ ஏறின ஏத்தம்"ங்கற திமிரு. ரெண்டாவது கியர்ல ஏறி, உச்சிக்கு ஒரு பத்தடி இருக்கும்போது எஞ்சின் முக்கி நின்னுருச்சு. இது முதல் தப்பு, வண்டி பாட்டுக்கு நின்னுச்சு, ஒண்ணும் ஆகல.

மாப்ள எட்டிப் பாத்துட்டு "மாமா, இந்த இடம் அகலமா இருக்கு, அப்படியே திருப்பிருங்க"ன்னான். எனக்கும் ரிவர்ஸ்ல அவ்வளவு தூரம் இறங்கறது அசிங்கமா பட்டுச்சு, கீழ தோட்டத்து ஆளுங்க வேற பாத்துக்கிட்டு இருக்காங்க. கிளட்ச மிதிச்சு வண்டிய பின்னாடி உருள விட்டுக்கிட்டே ஸ்டீயரிங்க வலது பக்கம் ஒடிச்சேன். பின்பக்கம் சறுக்கி வண்டி குறுக்கால வந்துருச்சு, என் பக்கம் மேட்டுல, அவன் பக்கம் பள்ளத்துல. அப்புறம் நடந்ததுல வேகமே கிடையாது. என் பக்கத்து முன் சக்கரம் தரைய விட்டு மெதுவா எந்திரிச்சு, காத்துல நின்னு, யோசிக்கிற மாதிரி ஒரு நிமிசம் நின்னுச்சு (ஒரு நிமிசம்லாம் இருக்காது, ஒரு செகண்டு இருக்கும், எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கு), அப்புறம் மாடு படுக்கிற மாதிரி இடது பக்கமா படுத்துருச்சு. ஒரு நிழல் மரம் தாங்கிப் பிடிச்சதால அதுக்கு மேல உருளல. சாம்பார் பூரா மாப்ள சட்டையில. எனக்கு அது ரத்தம்னு நினைச்சு நெஞ்சு நின்னு போச்சு, வாசனை வந்தப்புறம்தான் மூச்சு வந்துச்சு.

தோட்டத்துல களை எடுத்துக்கிட்டு இருந்த அக்காமாரும் கங்காணி ஐயாவும் ஓடி வந்து கயிறு கட்டி நிமித்துனாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் கங்காணி சொன்னது ஒரே வார்த்தைதான், "தம்பி, வந்த வழியே இறங்கியிருக்கலாம்ல?"

சரி, ஏத்தத்துல பாதியில நின்னுருச்சு. அப்ப என்னதான் செய்யணும்?

கங்காணி சொன்னதுதான். வந்த வழியே, நேரா, ரிவர்ஸ்ல இறங்கணும். முறை இது: பிரேக்க அழுத்தி மிதிங்க, ஹேண்ட் பிரேக்க இழுங்க, எஞ்சின் நின்னுருந்தா நின்னுட்டுப் போகட்டும். கிளட்ச மிதிச்சுக்கிட்டு யோசிக்காதீங்க, கிளட்ச்ல கால் இருந்தா சக்கரத்தப் பிடிக்க எஞ்சின் இல்லன்னு அர்த்தம். லோ ரேஞ்ச், ரிவர்ஸ் கியர். பழைய டீசல் ஜீப்புன்னா கியர்ல இருக்கும்போதே, கிளட்ச் மிதிக்காம, பிரேக்க மெதுவா விட்டுக்கிட்டே சாவியத் திருப்பலாம், ஸ்டார்ட்டரே வண்டிய ஒரு உலுக்கு உலுக்கி எஞ்சின எழுப்பி விட்டுரும், வண்டி எஞ்சின் பிடியிலயே இறங்கும். புது வண்டியில கிளட்ச் மிதிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகும்னா, பிரேக்க விடாம மிதிச்சு ஸ்டார்ட் பண்ணி, ரிவர்ஸ்ல போட்டு, கிளட்ச முழுசா விட்டப்புறம் பிரேக்க விடணும். எஞ்சின் ஆஃப் ஆன வண்டியில பிரேக் ரெண்டு மூணு மிதிக்குத்தான் லேசா இருக்கும், அப்புறம் கல்லு மாதிரி ஆயிரும். அதனால மிதிச்சு மிதிச்சு விளையாடாதீங்க, ஒரே மிதி.

இறங்கும்போது கண்ணாடியப் பாத்து நேரா இறங்கணும், பிரேக்க குத்தக்கூடாது. ஏத்தத்துல பின்னாடி இறங்கும்போது எடை பூராம் பின் சக்கரத்துல இருக்கும், முன் சக்கரம் லேசா தொட்டுக்கிட்டுத்தான் இருக்கும், பிரேக்கக் குத்துனா அது பூட்டிக்கிட்டு சறுக்கும், சறுக்குற சக்கரத்துல ஸ்டீயரிங் வேலை செய்யாது, மூக்கு ஒரு பக்கமா சுத்தி வண்டி குறுக்கால வந்துரும். குறுக்கால வந்தா என்ன ஆகும்னு மேல சொல்லிட்டேன்.

இறக்கத்துல பிரேக்கா கியரா?

கியர். லோ ரேஞ்ச் முதல் கியர், ரெண்டு காலும் பெடல்ல இல்லாம. லோ போட்டா தார்ல கியர் இழுவை கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு, ஜிம்னியில ரெண்டு மடங்கு. அந்த அளவுக்கு எஞ்சின் வண்டியப் பிடிச்சு நிறுத்தும். அதுக்கும் மேல வேணும்னா பிரேக்க லேசா தொட்டுத் தொட்டு விடுங்க. டீசல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல விட்டு இறக்குற ஆளுங்க இன்னும் இருக்காங்க, அவங்ககிட்ட பேசிப் பிரயோஜனம் இல்ல.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா இது நம்ம கால் பழக்கத்துக்கு நேர் எதிர். இறங்கும்போது பின்பக்கம் நம்மள முந்தப் பாக்குற மாதிரி ஒதுங்குச்சுன்னா பிரேக்க விட்டுட்டு ஆக்சிலேட்டர லேசா ஒரு பொட்டு கொடுக்கணும், ஸ்டீயரிங்க நேரா இறக்கத்தப் பாத்து வைக்கணும். சக்கரம் உருள ஆரம்பிச்சா வண்டி நேராயிரும். பயத்துல பிரேக்க மிதிச்சா அது ஒதுங்கிக்கிட்டே போகும்.

பக்கவாட்டுல சாஞ்சு போகும்போது கவுறப்போகுதுன்னு தோணுச்சுன்னா எந்தப் பக்கம் திருப்பணும்?

பள்ளத்துப் பக்கம். கேக்கவே பயமா இருக்கும், ஆனா பள்ளத்துப் பக்கம்தான். ஸ்டீயரிங்க இறக்கத்தப் பாத்து திருப்பி லேசா ஆக்சிலேட்டர் கொடுத்தா, குறுக்கால நின்ன வண்டி மூக்கு கீழ பாத்து நேராகும், அகலவாக்குல இருந்து நீளவாக்குக்கு வந்துரும். மேட்டுப் பக்கம் திருப்புனா எடை இன்னும் பள்ளத்துப் பக்கமா சரிஞ்சு உங்க கையாலயே கவுத்த மாதிரி ஆயிரும். கீழ இடம் இருந்தாத்தான் இது நடக்கும், அதல பாதாளம்னா அந்தச் சரிவுக்குள்ளயே நுழைஞ்சிருக்கக் கூடாது. அதனாலதான் தெரியாத இடம்னா முதல்ல இறங்கி நடந்து பாக்கச் சொல்றது, அஞ்சு நிமிசம் ஆகும், கௌரவம் ஒண்ணும் குறைஞ்சுராது.

கொலுக்குமலைக்கு உள்ளூர் ஜீப்புலதான் போகணும்கறாங்களே, காசு பாக்கத்தானே?

காசும் இருக்கு, யாரு இல்லன்னா. ஆனா ஒரு தடவ முன் சீட்டுல உக்காந்து டிரைவரோட கால மட்டும் பாத்துக்கிட்டுப் போங்க. கொலுக்குமலை நம்ம தேனி மாவட்டத்துல இருக்கு, 7,000 அடிக்கு மேல, ஆனா வண்டிப் பாதை கேரளாவுல சூரியநெல்லியிலருந்துதான். பன்னெண்டு கிலோமீட்டர் சொச்சம்தான், ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். சூரிய உதயம் பாக்கணும்னு விடியக்காலை நாலு மணிக்கெல்லாம் கிளம்புவாங்க, இருட்டு, பனி, தேயிலைக்கு நடுவுல தலை தலையா கல்லு.

நான் போனப்ப ஓட்டுன அண்ணனுக்கு நாப்பது வயசு இருக்கும். போற வழி பூராம் ஸ்டீயரிங்க இறுக்கிப் பிடிக்கவே இல்ல, கட்டை விரல் ரெண்டும் வெளிய, வளையத்து மேல படுத்திருந்துச்சு. ஏன்னு கேட்டேன், பழைய ஜீப்புல சக்கரம் கல்லுல முட்டுனா ஸ்டீயரிங் சடார்னு சுத்தும், உள்ள விரல் விட்டிருந்தா ஒடிச்சுரும்னாரு. ஒரு இடத்துல கல்லு மேல ஏறாம நின்னுச்சு, அவரு ரெண்டாவது தடவ முட்டல, மூணடி பின்னாடி வந்து வேற கோட்டுல ஏறுனாரு. இறக்கத்துல அவரு கால் பிரேக்குக்கு எத்தன தடவ போகுதுன்னு எண்ணிக்கிட்டே வந்தேன், பத்தத் தாண்டல. பின்னாடி உக்காந்திருந்த பசங்க "அண்ணே இன்னும் ஸ்பீடா"ன்னு கத்துனாங்க, அவரு திரும்பிக்கூட பாக்கல.

அதுக்காக உள்ளூர் ஜீப்புன்னா கண்ண மூடி ஏறலாம்னு சொல்லல. 2025 ஜூலையில மூணார் பக்கம் ஒரு ஜீப் விபத்துக்குப் பிறகு இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரியவே கொஞ்ச நாள் நிறுத்தி வச்சது. டயர் மொட்டையா இருந்தாலோ, ஆளு அதிகமா ஏத்துனாலோ, "அண்ணே இதுல வரல"ன்னு இறங்கிருங்க.

எதிர்க்க வண்டி வந்தா யாரு வழி விடணும்?

இறங்குற வண்டிதான் ஓரமா நின்னு ஏறுற வண்டிக்கு வழி விடணும், நம்ம நாட்டு சாலை விதியிலயே இருக்கு. ஆனா ஒதுங்கறேன்னு பள்ளத்து ஓரத்துக்குப் போயிராதீங்க. முடிஞ்சா மலைச்சுவர் பக்கமா ஒண்டுங்க, இல்ல அகலமான இடம் வரைக்கும் ஏதாவது ஒரு வண்டி பின்னாடி போகட்டும். அமெரிக்காவுல கொலராடோவுல பிளாக் பேர் பாஸ்னு 12,840 அடி உயரத்துல ஒரு பாதை, டெல்லுரைட் ஊருக்கு இறங்கும், அங்க இந்தப் பஞ்சாயத்தே வேணாம்னு ஆபத்தான பக்கத்த ஒருவழிப் பாதையாவே ஆக்கி வச்சிருக்காங்க.

பாதை ஓரம் பாக்க கெட்டியாத்தானே இருக்கு?

மேல கெட்டியா இருக்கும், கீழ ஒண்ணும் இருக்காது. மழைத்தண்ணி பாதைய அறுத்துக்கிட்டு ஓரத்துக்கு அடியில போயி மண்ணக் கரைச்சிருக்கும், மேல புல்லு மூடியிருக்கும். ஆளு நடந்தா தாங்கும், ஒண்ணே முக்கா டன் வண்டி ஏறுனா பொத்துக்கும். ஓரத்துல கோடு மாதிரி விரிசல், சாஞ்ச மரம், புதுசா சரிஞ்ச மண்ணு, இதுல எதப் பாத்தாலும் உள்பக்கமா வாங்க, வண்டி பெயிண்ட் போனாலும் பரவால்ல. மழை பெஞ்சு ரெண்டு நாள் ஆச்சு, காஞ்சிருக்கும்னு நினைக்கறதும் தப்பு, நான் கவுத்தது ரெண்டாவது நாள்தான்.

லிஃப்ட் கிட், பெரிய டயர், மேல கேரியர் போட்டா நல்லதுதானே?

வண்டிய உயரமா தூக்குற லிஃப்ட் கிட் போட்டா அடியில கல்லு இடிக்காது, ஆனா எடை மையம் மேல ஏறும். ரெண்டு இன்ச் தூக்குனா தூக்குன அளவுக்கு கவுறதுக்குக் கிட்ட போறீங்கன்னு அர்த்தம். கேரியர்தான் மோசம், கூரை மேல 50 கிலோ வச்சா அது தரையிலருந்து ரெண்டு மீட்டர்ல உக்காந்திருக்கு, அதே 50 கிலோவ சீட்டுக்கு அடியில வச்சா வண்டிக்கு நல்லது. கூடாரம், ஸ்டெப்னி, கேன்ல டீசல்னு எல்லாத்தையும் தலையில ஏத்திக்கிட்டு ஆஃப்ரோட் போறவங்கள பாத்தா எனக்குக் கை பதறுது. போட்டோவுக்கு நல்லாத்தான் இருக்கு.

சட்டமும் இருக்கு, 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த அமைப்ப மாத்துற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுன்னு சொல்லிருச்சு.

டயர் காத்து எவ்வளவு?

ரோட்டுல 30 சொச்சம் வைக்கிறவங்க கல்லு மண்ணுல 20 பிஎஸ்ஐ கிட்ட இறக்கலாம், டயர் கல்லக் கவ்வும், வண்டி துள்ளாது. ரொம்ப இறக்குனா பக்கவாட்டுச் சரிவுல டயர் ரிம்ம விட்டுக் கழண்டுக்கும். திரும்ப ரோடு ஏறும்போது காத்து அடிக்காம எண்பதுல போனீங்கன்னா அது தனி விபத்து, பம்ப் இல்லன்னா இறக்கவே வேணாம்.

சீட் பெல்ட் போட்டா அவசரத்துக்குக் குதிக்க முடியாதே?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகமா வருது, இதுக்குத்தான் கோவமும் வருது. குதிக்காதீங்க. வண்டி எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம்தான் நீங்களும் விழுவீங்க, உங்க மேல வண்டி விழும். மெதுவா படுக்குற வண்டிக்குள்ள பெல்ட்டோட இருக்கறவன் சிராய்ப்போட எந்திரிச்சு வருவான், பாதி வெளிய வந்தவன் நசுங்கிருவான். அன்னைக்கு என் மாப்ள கை கூரைக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு வெளிய இருந்துச்சு, அந்த மரம் நாலு இன்ச் தள்ளி இருந்திருந்தா விரலு போயிருக்கும். கம்பியப் பிடிக்காதீங்க, கைய நெஞ்சோட வச்சுக்கோங்க, ஸ்டீயரிங் பிடிக்கிறவர் மட்டும் அத விடாம இருங்க.

படுதா போட்ட பழைய ஜீப்புல கூரைன்னு ஒண்ணே கிடையாது, ரோல் கேஜ் (உருண்டா ஆள நசுங்காம காக்குற இரும்புக் கூண்டு) அடிக்காம மலை ஏத்தாதீங்க. எதிரெதிரா உக்காருற பின் பெஞ்சுல பெல்ட்டும் இருக்காது, சாயுற வண்டியில முதல்ல வெளிய பறக்குறது அவங்கதான். கஷ்டமான இடம் வந்தா பின்னாடி இருக்கறவங்கள இறக்கி நடக்க விட்டுருங்க. முன்பக்க ஏர்பேக்க நம்பாதீங்க, அது முன்னாடி மோதுனாத்தான் விரியும், இப்படி மெதுவா படுக்கும்போது அதுக்குத் தெரியவே தெரியாது.

கீழ நின்னு "வா வா"ன்னு சொல்ல ஒரு ஆளு இருந்தா போதுமா?

ஒரே ஒரு ஆளு இருந்தா போதும், நாலு பேரு இருந்தாத்தான் பிரச்சனை. ஒருத்தர் லெஃப்ட்ங்கறாரு, ஒருத்தர் ரைட்டுங்கறாரு, ஒருத்தர் வீடியோ எடுக்குறாரு. கை சைகை என்னன்னு முன்கூட்டியே பேசிக்கோங்க, அவரு முகம் தெரியலன்னா வண்டிய நிறுத்துங்க. அவரு நிக்க வேண்டியது வண்டி உருண்டா வராத இடத்துல, பள்ளத்துப் பக்கம் நின்னுக்கிட்டு கையால முட்டுக் கொடுத்துத் தாங்கப் பாக்குறது நம்ம ஊருல அடிக்கடி நடக்கும். வண்டி எடை என்ன, உங்க எடை என்ன?

சரிவுல நிறுத்திட்டு இறங்கும்போது என்ன கவனிக்கணும்?

ஹேண்ட் பிரேக், கியர், சக்கரத்துக்கு முட்டுக் கல்லு, மூணும். இதுல ஒரு பொறி இருக்கு. ஃபோர் வீல் லிவர் லோவுக்கும் ஹைக்கும் நடுவுல நியூட்ரல்ல நின்னுருச்சுன்னா, நீங்க முதல் கியர்ல போட்டாலும், ஆட்டோமேட்டிக்ல பார்க்ல போட்டாலும் வண்டியப் பிடிக்காது, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துரும், ஹேண்ட் பிரேக் ஒண்ணுதான் மிச்சம். அந்த ஹேண்ட் பிரேக் கேபிள நம்ம ஆளுங்க எத்தன வருசத்துக்கு ஒருக்க மாத்துவாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

கவுந்துருச்சு. இப்ப என்ன?

முதல்ல எஞ்சின ஆஃப் பண்ணுங்க. டீசல் வாடை, பெட்ரோல் வாடை வருதான்னு பாருங்க, யாரும் பீடி சிகரெட் பத்த வைக்காம பாத்துக்கோங்க. தலைகீழா தொங்குனீங்கன்னா பெல்ட்ட அவசரமா கழட்டாதீங்க, ஒரு கைய கூரையில ஊனிக்கிட்டுக் கழட்டுங்க, இல்லன்னா கழுத்துல விழுவீங்க. வெளிய வந்ததும் பள்ளத்துப் பக்கம் யாரும் நிக்க வேணாம், வண்டி இன்னும் உருளலாம். கழுத்து வலிக்குதுன்னு சொல்றவர தூக்கி உலுக்காதீங்க, 108க்கு அடிங்க, டவர் கிடைக்கலன்னா ஒருத்தர மேட்டுக்கு அனுப்புங்க.

நிமித்தும்போது கயிற பம்பர்லயோ டோ பால்லயோ (டிரெய்லர் மாட்டுற உருண்டை) மாட்டாதீங்க, அது பிச்சுக்கிட்டு குண்டு மாதிரி வரும். சேஸ்ல, அதாவது வண்டியோட அடிச்சட்டத்துல மாட்டுங்க, இழுக்குற கயித்துக்கு நேரா யாரும் நிக்கக்கூடாது. நிமித்துன உடனே சாவியப் போட்டு ஸ்டார்ட் பண்ணாதீங்க, இதுல நிறைய பேரு எஞ்சின காவு கொடுத்திருக்காங்க. படுத்துக் கிடந்த வண்டியில ஆயில் சிலிண்டருக்குள்ள இறங்கியிருக்கும், ஆயில அமுக்க முடியாது, ஸ்டார்ட் பண்ணுனா கனெக்டிங் ராடு வளைஞ்சுரும். மெக்கானிக்க வச்சு இன்ஜெக்டரையோ குளோ பிளக்கையோ கழட்டிட்டு எஞ்சினச் சுத்தி ஆயில வெளிய தள்ளணும். என் ஜீப்ப அன்னைக்கு நான் ஸ்டார்ட் பண்ணப் போனேன், கங்காணிதான் சாவியப் பிடுங்கி வேட்டி மடிப்புல சொருகிக்கிட்டாரு, சாயங்காலம் மெக்கானிக் வந்தப்புறம்தான் கொடுத்தாரு.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பாலிசிய எடுத்து "லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்"னு ஒரு பத்தி இருக்கும், அதப் படிங்க. தனியார் கார் பாலிசியில ஏற்பாடு பண்ணுன பந்தயம், வேகச் சோதனை, வாடகைக்கு ஆள் ஏத்தறது இதெல்லாம் வராதுன்னு போட்டிருக்கும். சொந்த தார்ல நாலு பேர காசு வாங்கிக்கிட்டு மலைக்குக் கூட்டிட்டுப் போறவங்க அந்தப் பத்திய ரெண்டு தடவ படிங்க. லிஃப்ட் கிட்டப் பத்தி கம்பெனிக்குச் சொல்லாம இருந்தா அதுவும் ஒரு காரணமாகும்.

புதுசா தார் வாங்கிருக்கேன், எங்க பழகுறது?

மலையில பழகாதீங்க. ஊருக்கு வெளிய காஞ்ச ஓடை, யாரோடதுன்னு கேட்டு அனுமதி வாங்குன தரிசு, இங்க போயி லோ போடவும் எடுக்கவும் பழகுங்க, சின்னக் கரையில ஏறி வேணும்னே பாதியில நிறுத்தி ரிவர்ஸ்ல இறங்குங்க, இருவது தடவ. இருவதாவது தடவ கால் தானா கிளட்ச விட்டு விலகி நிக்கும். தார் போட்ட ரோட்டுல மட்டும் ஃபோர் வீல் போட்டு ஓட்டாதீங்க, திரும்பும்போது கியர் இறுகிக்கும்.

அந்த மேஜர் ஜீப் இப்ப எங்க?

வீட்டுலதான் நிக்குது. இடது பக்க அரைக்கதவு இன்னும் சரியா சாத்தாது, கயிறு போட்டுத்தான் கட்டுறோம். மாப்ள அந்தப் பக்கம் உக்காரவே மாட்டான். தோட்டத்து ஏத்தம் வந்தா இறங்கி, தூக்க எடுத்துக்கிட்டு, எனக்கு முன்னாடி நடந்தே மேல போயிருவான்.